'மேக்ஸ்' என்னும் பெயருக்கு நடந்த பெரும்போர்

விசைப்பலகை வேந்தன் வாழ்க! தேநீர்க்கறை படிந்த மேசையின் தனிப்பெருந்தலைவன், பதினோராண்டு நிரலெழுதி முதுகு வளைந்தும் கொள்கை வளையாத கோமான் வாழ்க! அவனைத் தாங்கும் நாற்காலியின் எஞ்சிய நான்கு சக்கரங்களும் வாழ்க!

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இரண்டு எண்களில் பெரியது எதுவெனச் சொல்லும் சின்னஞ்சிறு நிரல்துண்டாம் ஃபங்ஷன் ஒன்றை ஈன்று, அதற்கு 'மேக்ஸ்' என்று பெயரும் சூட்டி, நிரலைச் சரிபார்த்துக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரின் திருமுன் அனுப்பிவைத்தான் நம் வேந்தன். அது தேறினால்தான் அவன் இருக்கையைவிட்டு எழலாம். நாலு மணிக்கு மகளின் பள்ளி நாடகம். காலையிலேயே ஆணை பிறந்திருந்தது: "அப்பா, நான்தான் முதல் மரம். நீங்க வந்து உக்காந்தாதான் கிளைய அசைப்பேன்."

கம்பைலரோ நாற்பத்தேழு பிழைகளைக் கணைமாரியாகப் பொழிந்தது. குத்துக்கல்லாக அடைப்புக்குறி நின்ற இடத்தைக் காட்டி, அங்கே அடைப்புக்குறியே இல்லை என்று சாதித்தது. வெகுண்டெழுந்த வேந்தன் சட்டைக்கையை மடித்தான். திறந்த குறிகளையும் மூடிய குறிகளையும் விரல்விட்டு எண்ணினான். கணினியை அணைத்து எழுப்பினான். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினான். பிஸ்கட் தூள்தான் உதிர்ந்தது. மணி மூன்றரை.

அடுத்த இருக்கைத் தோழி எட்டிப் பார்த்தாள். "சார், அதே பேர்ல மேக்ரோ ஏதாச்சும் இருக்கான்னு தேடுங்க."

அகப்பட்டது பகை! எல்லோருக்கும் பொதுவான பழங்கோப்பின் ஆழத்தில் பதுங்கியிருந்து, 'மேக்ஸ்' என்ற சொல்லை எங்கு கண்டாலும், கம்பைலரின் கண்ணில் படுமுன்பே பிடுங்கியெறிந்து, அவ்விடத்தில் தன் நெடுவாலை ஒட்டிவைத்துக் கொண்டிருந்தது அந்த மேக்ரோ.

"இதை இங்கே நட்ட மூடனை நான்கு மாடியும் அறியச் செய்வேன்!" என வஞ்சினம் கூறி, அனல் பறக்கும் மின்னஞ்சல் ஒன்றைத் தீட்டி, குற்றவாளியின் பெயரை மட்டும் நிரப்புவதற்காகக் கோப்பின் வரலாற்றைப் புரட்டினான் வேந்தன். ஆறாண்டுக்கு முன் எழுதியவர் பெயர் இருந்தது. அவன் பெயர்தான். கீழே அவனே எழுதிய குறிப்பு: இதை யாரும் தொடக்கூடாது.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"யாரோ பழைய ஆளும்மா. வேலைய விட்டுப் போயிருப்பாரு."

மின்னஞ்சலை அழித்தான். ஃபங்ஷனின் பெயருக்குப் பின்னால் ஒரு 2 போட்டான். நாற்பத்தேழு பிழைகளும் ஒரே நொடியில் மாண்டன. படிக்கட்டு அதிர, பைக் உறும, வீதிகள் வழிவிட, பள்ளி அரங்கினுள் புயலெனப் புகுந்தான் வேந்தன்.

நாலே காலுக்கு அவன் போய் உட்கார்ந்ததும், அதுவரை சும்மா நின்றிருந்த முதல் மரம் கையை ஆட்டியது.