பாஷா கண் வைத்த கார்

பத்ரிநாராயணனை எந்தக் கொம்பனாலும் ஏமாற்ற முடியாது. இதை அவரேதான் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். மயிலாப்பூரில் கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரன் எடுத்துக் கொடுப்பதைத் தொடமாட்டார். அவன் ஓரமாக ஒதுக்கி வைத்ததைத்தான் அடம்பிடித்து வாங்குவார். அது சொத்தை என்று வீட்டுக்கு வந்ததும் தெரியும். அதற்கும் ஐயாவிடம் ஒரு விளக்கம் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட மேதாவியின் கிழட்டுக் காருக்கு பிரேக் போயிற்று. லஸ் சிக்னலில் அவர் மனைவி ஜானு மிதித்த மிதிக்கு வண்டி நின்றது, நின்றதுதான். ஆனால் முன்னால் நின்ற ஆட்டோவை இடித்துவிட்டு நின்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியில் பெண் ஷ்ரேயாவையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயாக வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் மெஹபூப் பாஷா வண்டியைக் கழற்றிப் பார்த்தார். "பிரேக் மொத்தமும் காலி சார். எல்லாத்தையும் மாத்தணும். செலவு ஜாஸ்தியாதான் கீது."

பத்ரி வீட்டுக்கு வந்து குதித்தார்.

"கொள்ளைக்காரன்டி அவன்! பிரேக்ல கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். நான் வீடியோ பாத்துட்டேன்."

"வீடியோ வந்து பிரேக் போடுமான்னா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நன்னா ஊதிவிட்டா சரியாயிடும்."

"ஷ்ரேயாவும் அதுலதானே வரா?"

"மெதுவா ஓட்டினாப் போறது!"

ஊதுகிறாராம், ஊதி! இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழுகிறவளிடம் போய்க் கேட்க வேண்டும். ஜானு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் பாஷாவே போன் பண்ணினார். "சார், ரிப்பேர் வாணாம். வண்டிய அப்படியே நானே எடுத்துக்கறேன். ரேட்டு சொல்லு சார்."

பத்ரிக்கு முகமெல்லாம் பிரகாசம்.

"ஜானு! கேட்டியா? வண்டி தங்கம்னு அவனுக்குத் தெரிஞ்சுடுத்து. நம்மள பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பாக்கறான்!"

"குடுத்துடலாமேன்னா. விட்டது சனியன்."

"குடுக்கறதாவது! அவன் கையாலயே எல்லாத்தையும் புதுசா மாத்தவெச்சு, அவன் கண்ணெதிர்லயே ஓட்டிண்டு வரேன் பாரு. வயிறு எரிஞ்சு சாகட்டும்!"

"ஐயோ, அவ்வளவு செலவா?"

"செலவைப் பத்தி நீ வாயைத் திறக்காதே!"

ஜானு பீரோவைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பத்ரி பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஒரிஜினல்தான் போடணும், டூப்ளிகேட் போட்டா விடமாட்டேன்" என்று நாள் முழுக்க அதட்டினார். வேலை முடிந்ததும் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டே பணத்தை நீட்டினார்.

"என்ன பாய், என் வண்டி மேல கண்ணு வெச்சேளே. கிடைச்சுதோ?"

பாஷா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இந்தத் தகர டப்பாவ வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்ணுவேன்? 'வாங்கிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், மீதிய அவரே பாத்துப்பாரு'ன்னு உங்க வூட்டு அம்மாதான் போன் பண்ணாங்க."