பதினாலு-சி என்ன சொல்கிறார்?

"ஒண்ணுமே கேக்கல, வெண்டல்."

லோரெட்டா ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி மடியில் வைத்தாள். வெண்டல் ஓபர்க் எட்டி ஜன்னலைப் பார்த்தான். விமானம் சிகாகோவை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஏரி வந்துவிடும்.

"குமிழைத் திருகிப் பாத்தியா? ஒன்பதுல இருக்கா?"

"ஒன்பதுலதான் இருக்கு. எட்டுல பாட்டு வரணும், அதுவும் வரல. விடு, நான் தூங்கறேன்."

"தூங்கறதா? தூங்கக் கூடாது!"

அவன் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த திருமதி நோவிட்ஸ்கி திடுக்கிட்டுத் திரும்பினார். எழுபதைத் தாண்டியவர். ஏறி உட்கார்ந்ததும் இருவரையும் விசாரித்துத் தன் பூர்வீகம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

அது எழுபதுகளின் கடைசி. அந்த நிறுவனத்தின் விமானங்களில், கேப்டன் மனது வைத்தால், ஒன்பதாம் நம்பர் சேனலில் அவரும் தரையிலிருக்கும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்வதைப் பயணிகளும் கேட்கலாம். மற்றவர்கள் ஜாஸ் கேட்பார்கள், சிம்பொனி கேட்பார்கள். வெண்டலுக்கு ஒன்பதுதான். 'இருநூறு டிகிரி திரும்பு', 'திரும்பினேன்', 'மேலே ஏறு', 'ஏறுகிறேன்' என்று ஆளாளுக்குப் பேசுவதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "யாருமே திக்கறதில்லை, பாத்தியா?" என்பான்.

அவனுடைய கஷ்டம் அவனுக்கு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க வாய் வலிக்கப் பேசுகிறவன், நான்கு வருடமாக லோரெட்டாவிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். முதல் முயற்சி ஒரு ஹோட்டலில். அவள் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, "கெட்சப்பைக் கொஞ்சம் தர்றியா?" என்று கேட்டான். இரண்டாவது முயற்சி ஏரிக்கரையில். விக்கல் வந்து, அது மறுநாள்தான் நின்றது.

இந்த நிலையில் லோரெட்டாவுக்கு சியாட்டிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "போகவா, வேண்டாமா வெண்டல்?" என்று அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள். இதைவிட ஒரு பெண் எப்படித்தான் வழி விடுவது? மகானுபாவன் சொன்ன பதில்: "சியாட்டில்ல மழை ஜாஸ்தி."

அன்று ராத்திரி தலையில் அடித்துக்கொண்டு படுத்தவனுக்கு விடியற்காலையில் யோசனை உதித்தது. தன்னால் கேட்க முடியாது. திக்காத ஒருவரைக் கேட்கச் சொன்னால்?

அவளுடைய சித்தி மகள் கல்யாணத்துக்காக இருவரும் நியூவார்க் கிளம்பிய அன்று, விமானத்தில் ஏறியதும் ஏறாததுமாகக் கேப்டனின் அறைக்குள் தலையை நீட்டினான்.

கேப்டன் ஹால் விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டப்படி தப்புதான். ஆனா நானும் கல்யாணம் ஆனவன், உன் கஷ்டம் புரியுது. கிளம்பினதும் கீழ சொல்லி வைக்கிறேன். ஒரு கண்ட்ரோலர் அடுத்த ஆளுக்கு விமானத்தைக் கை மாத்தறப்ப தகவலையும் சேத்துக் கை மாத்துவாங்க. ஏரிக்கு மேல போறப்ப கேட்டுடுவாங்க. பொண்ணு பேரு என்ன?"

"ஐயோ, பேரெல்லாம் வேண்டாம் சார், எனக்கு வெக்கமா இருக்கு. அவ சீட்டு நம்பர் பதினாலு-சின்னு சொன்னாப் போதும்."

திரும்பினால் பின்னாலேயே லோரெட்டா, கோட்டும் பையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ரகசியம்?"

"மழை வருமான்னு கேட்டேன்."

இவ்வளவு ஏற்பாடும் செய்த பிறகு, ஹெட்போன் கேட்கவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? அந்தக் காலத்து ஹெட்போன் வெறும் குழாய். டாக்டர் கழுத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். கைப்பிடியில் இருக்கும் துளைகளில் செருகினால் சத்தம் குழாய் வழியாகக் காதுக்கு வரும். வெண்டல் தன்னுடையதைப் பதினாலு-சியில் செருகிப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை.

"நீ என் இடத்துக்கு வா. என்னோடது நல்லா கேக்குது."

லோரெட்டா நடு இருக்கைக்கு மாறினாள். அவன் பணிப்பெண்ணைத் தேடிக்கொண்டு ஓடினான். அவன் திரும்பி வந்ததும் லோரெட்டா தலையை ஆட்டினாள்.

"இதுவும் கேக்கல."

"இவ்வளவு நேரம் நான் கேட்டுக்கிட்டிருந்தேனே!"

"உன் ராசி, என் ராசி வேற போலிருக்கு." அவள் மடியில் கடலைப் பொட்டலம் பிரித்தபடி கிடந்தது. கடலை என்றால் உயிரை விடுகிறவள், அன்று ஒன்றைக்கூட வாயில் போட்டதாகத் தெரியவில்லை. மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து வெண்டல் இன்னும் பதறினான்.

மிச்சமிருந்தது ஜன்னலோரம்தான். திருமதி நோவிட்ஸ்கியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். லோரெட்டா ஜன்னலுக்குப் போனாள், பெரியம்மா நடைபாதைப் பக்கம் பதினாலு-சிக்கு வந்தார், அவன் நடுவில் உட்கார்ந்தான். ஜன்னலோரத்து ஹெட்போனை முதலில் தன் காதில் வைத்துப் பார்த்து, கணீரென்று கேட்டதும்தான் அவளிடம் கொடுத்தான்.

அப்பாடா என்று சாய்ந்தபோது பணிப்பெண் ராண்டா வந்து சேர்ந்தாள். கொண்டை ஊசியை எடுத்துப் பதினாலு-சியின் துளையில் விட்டு நெம்பினாள். பாதிக் கடலை ஒன்று தெறித்து விழுந்தது.

"போன தடவை எவனாவது வாலுப் பையன் உக்காந்திருப்பான். இப்பக் கேளுங்க பெரியம்மா."

திருமதி நோவிட்ஸ்கி கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, யாருப்பா இது? என்ன குரல்! என்ன மரியாதை! ஒவ்வொருத்தருக்கும் குட் டே சொல்றான்!"

வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வி பதினாலு-சிக்கு அல்லவா வரப்போகிறது?

"பெரியம்மா, நீங்க மறுபடியும் ஜன்னலோரம்..."

"போப்பா. பந்தாடறதுக்கு என் முட்டி தாங்காது. நான் இந்தப் பையனைக் கேட்டுக்கிட்டு இங்கயே இருக்கேன்."

வெண்டல் ராண்டாவின் காதில் முழு விஷயத்தையும் கொட்டினான். "ஓடிப் போய்க் கேப்டன்கிட்ட பதினாலு-ஏன்னு மாத்தச் சொல்லுங்க!"

ராண்டா முன்பக்கம் ஓடினாள். லோரெட்டா எழுந்து, "கொஞ்சம் வழி விடு. பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

"இப்பவா?"

"பாத்ரூமுக்கும் உன் அனுமதி வேணுமா?"

அவள் பின்பக்கம் போனாள். நடு இருக்கையின் துளை அடைத்துக் கிடந்ததால் வெண்டல் காதில் எதுவும் விழவில்லை. ஜன்னலோரத்து ஹெட்போனை எட்டி எடுக்கலாம் என்று கையை நீட்டினான். அதற்குள் திருமதி நோவிட்ஸ்கி தன்னுடையதை மெதுவாகக் கழற்றிவிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, பதினாலு-சி நான்தானே?"

"ஆமா..."

"பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு என்னைக் கட்டிக்க ஆசைப்படறாராம். கீழ இருந்து அந்தப் பையன் கேக்கறான்."

வெண்டல் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"வெக்கப்படாதே. வயசு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கு. ஆனா போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரரும் உன்னை மாதிரிதான், வாயைத் திறக்க மாட்டார். எனக்குப் பழக்கம்."

முன் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை திரும்பியது. காதில் ஹெட்போன். "சார், விஷயம் கை மீறிப் போயிடுச்சு" என்றார் அந்த ஆள், பரம சந்தோஷமாக. "எந்த விமானம்னு அவன் சொல்லவே இல்ல!"

அந்தத் தொழிலில் பேச்சைத் தொடங்கும் முன் விமானத்தின் நம்பரைச் சொல்ல வேண்டும். கண்ட்ரோலர், பாவம், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கல்யாணப் பேச்சு பேசுகிறான். கூச்சத்தில் நம்பரை விட்டுவிட்டான். ஏரிக்கு மேலே அதே அலைவரிசையில் இருந்த அத்தனை விமானத்துக்கும் கேள்வி போய்விட்டது. அதே நிறுவனத்தின் விமானங்களில் பயணிகளும் கேட்டுவிட்டார்கள்.

"இருநூத்திப் பத்தொன்பதாம் நம்பர் விமானத்துல பதினாலு-சி ஒரு ஜட்ஜாம். பக்கத்துல அவர் சம்சாரம். முப்பது வருஷம் ஆச்சு, இன்னொரு தடவைன்னா யோசிக்கணும்கறாராம்" என்று வழுக்கைத் தலை நேர்முக வர்ணனை கொடுத்தார். "அறுநூத்தி முப்பதுல ஒரு பாதிரியார். பக்கத்துல ஃபுட்பால் விளையாடற தடியன். பாதிரியார் ரெண்டு பேர் சார்பிலயும் மன்னிப்புக் கேக்கறார். எழுபத்தேழுல ஒரு பொண்ணு, யார் என்னன்னு பாக்காம சரின்னுட்டாளாம். பக்கத்துல இருக்கிறவனுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டிருக்காங்க!"

விமானத்தில் பாதிப் பேர் ஒன்பதுக்குத் திருப்பிவிட்டார்கள். மீதிப் பேர் வழுக்கைத் தலையைச் சுற்றி எழுந்து நின்றார்கள்.

"நம்ம கேப்டன் 'அது எங்களுக்குத்தான்'னு ஒத்துக்கிட்டார். 'நானூத்து எண்பத்திரண்டு, பதில் என்ன? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க'ன்னு கீழ கேக்கறான்!"

அங்கேதான் இன்னொரு வினை. சொன்ன விஷயத்துக்குப் பதில் வராதவரை அந்தத் தொழிலில் யாரும் விட மாட்டார்கள். ராண்டா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"லேட்டாயிடுச்சு, மாத்த முடியல! பதினாலு-சி என்ன சொல்றாங்க? கேப்டன் உடனே கேட்டுக்கிட்டு வரச் சொன்னார்!"

"சரின்னு சொல்லிடும்மா" என்றார் திருமதி நோவிட்ஸ்கி.

"இல்ல! இவங்க இல்ல!" என்று வெண்டல் கத்துவதற்குள் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் ராண்டாவின் காதில் 'சரி' மட்டும்தான் விழுந்தது. ஓடிவிட்டாள். ஒரு நிமிடம் கழித்து வழுக்கைத் தலை கையை உயர்த்தினார். "கேப்டன் சொல்லிட்டார்! எல்லா விமானத்துல இருந்தும் வாழ்த்தறாங்க!"

விமானமே அதிர்ந்தது. யாரோ ஒருவர் வெண்டலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒரு அம்மாள் திருமதி நோவிட்ஸ்கியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு லோரெட்டா வந்தாள்.

"என்ன விசேஷம்?"

"நிச்சயம் ஆயிடுச்சும்மா!" என்றார் வழுக்கைத் தலை.

"யாருக்கும் யாருக்கும்?"

"இவருக்கும் இந்தப் பெரியம்மாவுக்கும்."

லோரெட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ரொம்ப சந்தோஷம்" என்றாள். "அப்ப நான் சியாட்டிலுக்கு வர்றேன்னு சொல்லிடறேன்."

வெண்டல் எழுந்தான். தலையை மேலே இருந்த பெட்டித்தட்டில் இடித்துக்கொண்டான். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான்.

"லோரெட்டா... அது வந்து... கெட்..."

"கெட்சப்பா?"

"இல்ல! கெட்சப் இல்ல! மழையும் இல்ல! அன்னிக்கு மழை ஜாஸ்தின்னு சொன்னேனே, நான் சொல்ல வந்தது அது இல்ல. போகாதேன்னு சொல்ல வந்தேன். நீ போய்த்தான் ஆகணும்னா நானும் வர்றேன். குடை நான் பிடிக்கிறேன். நாலு வருஷமா இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம ஊரையெல்லாம் கூட்டிட்டேன். நீ இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது. என்னைக் கட்டிக்கோ, லோரெட்டா!"

நடுவில் ஓர் இடத்தில்கூட அவன் திக்கவில்லை. அது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

"பதினாலு-சி ஏற்கனவே சரின்னுட்டாங்களே?" என்றாள் லோரெட்டா.

"நீதான் பதினாலு-சி!"

"நான் பதினாலு-ஏ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரேடியோக்காரர்கள் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "கேட்டது புரிஞ்சுது. கட்டிக்கிறேன், வெண்டல் ஓபர்க். பதினாலு-ஏ."

இந்த முறை கை தட்டல் இறக்கைவரை கேட்டிருக்கும். ராண்டா மறுபடி ஓட வேண்டியதாயிற்று. கேப்டன் திருத்தம் சொன்னார், கண்ட்ரோலர் திருத்தத்தைத் திருப்பிச் சொன்னான், ஜட்ஜின் சம்சாரம் தன் கணவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகத் தகவல் அனுப்பினார். வெண்டல் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட்டு, நியூவார்க் வரும்வரை அந்தக் கையை விடவில்லை. அசட்டுச் சிரிப்பு அவன் முகத்தைவிட்டு இறங்கவே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இறங்கும்போது அவன் திருமதி நோவிட்ஸ்கியின் பையைத் தூக்கிக்கொண்டான். "மன்னிச்சுக்கணும் பெரியம்மா. எல்லாம் அந்தப் பாழாப்போன துளையால வந்தது."

"அதுக்கென்ன தம்பி" என்ற பெரியம்மா, கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்து லோரெட்டாவின் கையில் வைத்தார்.

"இந்தாம்மா, நீ எங்கிட்டக் குடுத்து வச்ச மிச்சக் கடலை. இவன்தான் வாயைத் திறந்துட்டானே, இனிமே நீ எந்த ஓட்டையையும் அடைக்க வேண்டியதில்ல."