என் மருமகள் இரண்டாவதாக வந்த விஷயம்

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பது தங்கள் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மனதில் சிறு கவலையாவது உள்ளவர் இப்படி அச்சடிக்க மாட்டார். என் கணவர் காலத்திலிருந்து தங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. அவர் போன பிறகும் அவருடைய நாற்காலியையும் தங்கள் பத்திரிகையையும் நான் அகற்றவில்லை. இரண்டில் ஒன்று இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. நாற்காலி அல்ல.

என் ஒரே மகனின் மனைவி கார்ப் பந்தய ஓட்டுநர். பொழுதுபோக்குக்கு அல்ல, தொழிலாக. இந்த மாதத் தொடக்கத்தில் நடந்த பந்தயத்தில், தகுதிச் சுற்றில் கியர் பழுதானதால் பதினெட்டுக் கார்களுக்கும் கடைசியில் நின்று கிளம்பி, இரண்டாவதாக வந்தாள். நான் அங்கே வெயிலில், கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வலப்பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும் பிரேக்கை மிதிக்கிறார்கள். இவள் பலகையைத் தாண்டி, நாம் ‘ஐயோ’ என்று சொல்லி முடிக்கிற இடத்தில் மிதிக்கிறாள். பாதிப் பேரை அங்கேயே முந்திவிட்டாள். என் கணவர் தம் வாழ்நாளில் காரை இரண்டாவது கியருக்கு மேல் கொண்டுபோனதில்லை. ஆகவே எனக்கு இதெல்லாம் புதிது. ஆனால் நான் படித்தது கன்னியாஸ்திரிகளிடம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லாவிட்டால் முட்டி போடவைப்பார்கள். தங்கள் நிருபர் முட்டி போட்டே வளராதவர் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

தலைப்பு ‘நகப்பூச்சும் நாலு சக்கரமும்’. அரைப் பக்கத்துக்கு ஒரு படம். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் குடை, உதட்டில் சிவப்பு. பந்தயம் தொடங்கும் முன் காரில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு வெயில் படாமல் குடை பிடிக்க ஒரு பெண்ணை நிறுத்துவது அங்கே வழக்கம். என் மருமகளின் அணியிலேயே ஓடுகிற இன்னொரு ஓட்டுநருக்குக் குடை பிடித்த பெண் அவள். நல்ல பெண், லட்சணமாக இருக்கிறாள், குடையையும் நேராகவே பிடித்திருக்கிறாள். ஆனால் அவள் கார் ஓட்டவில்லை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு ஹெல்மெட்டின் கால்வாசி தெரிகிறது. என் மருமகள் அதுதான். செய்தியில் அவளுக்குப் பிடித்த நிறம், தூங்கும் நேரம், தலைமுடிப் பராமரிப்பு எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில், ‘பந்தயத்திலும் இவர் கலந்துகொண்டார்.’ கலந்துகொள்வதற்கு அது என்ன கல்யாணமா?

உடனே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் தங்கள் உதவியாளராம்.

“படம் நல்லா வந்திருக்குல்லம்மா?”

“வந்திருக்கு. யார் படம் அது?”

“உங்க மருமகள்தான்.”

“தம்பி, அவ எட்டு வருஷமா என் வீட்ல இருக்கா. எனக்கு அடையாளம் தெரியும்.”

“மேக்கப் போட்டா மாறித்தாம்மா தெரியும்.”

இதை நான் இத்தனை தூரம் பெரிதுபடுத்தக் காரணம் உண்டு. அன்று மாலையே அணியின் முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அடுத்த வருடம் அந்தக் காரில் அவள் உட்கார வேண்டுமென்றால் செலவை ஏற்க ஒரு கம்பெனி வேண்டும், கம்பெனி வர வேண்டுமென்றால் பேப்பரில் முகம் வர வேண்டும், மாதம் முடிவதற்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு. “உங்க ஓட்டத்துல ஒரு குறையும் இல்லம்மா, முகம்தான் எங்கயும் வரல,” என்றாராம். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த இன்னொருவர் பதினோராவதாக வந்தார். அவர் இடம் பத்திரமாக இருக்கிறது. அவருடைய தலைமுடிப் பராமரிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை.

தங்கள் உதவியாளர் பிராயச்சித்தமாக நிருபரையும் புகைப்படக்காரரையும் வீட்டுக்கு அனுப்பினார். என் மருமகள் கொல்லையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தவள், கையெல்லாம் கிரீஸோடு வந்து கதவைத் திறந்தாள். புகைப்படக்காரர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “மேடம் இல்லீங்களா?” என்றார். “நான்தான்,” என்றாள். “இல்லைங்க, படத்துல இருந்தாங்களே, அவங்க,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிறகு அவர் கூடத்தில் இருந்த நாற்காலிகளை எல்லாம் நகர்த்தி, இவளைச் சன்னலோரம் நிறுத்தி, முடியை அவிழ்த்துவிடச் சொல்லி, அது பறக்க வேண்டுமென்று என் மகனிடம் மேசை மின்விசிறியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். என் மகன் வங்கியில் மேலாளர். சொன்னதைச் செய்கிற பழக்கம் உள்ளவன். தூக்கிப் பிடித்தான். முடி பறந்தது. கூடவே மேசையிலிருந்த மின்கட்டண ரசீது, என் மாத்திரைச் சீட்டு, நிருபர் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் பறந்து கொல்லைக்குப் போயின. நிருபர் அவற்றைத் தேடிப் போகவும் இல்லை; அதிலிருந்தே அவற்றின் தரம் தெரிந்தது.

இவள், “பந்தய உடையிலயே எடுத்துக்கலாமே,” என்று கேட்டாள். “வேர்வை நாத்தமா இருக்குமே மேடம்,” என்றார். “படத்துல நாத்தம் வராதுங்க,” என்றாள். அதற்கும் மசியாமல், ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் கரண்டி என்று ஒரு யோசனை சொன்னார். நான் அடுக்களைக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “இது எந்த அலமாரியில இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. இந்த வீட்ல சமைக்கிறது என் பையன். அதையும் சுமாராத்தான் சமைப்பான். இவளுக்கு இருக்கிற வேலையே வேற. அந்த ஹெல்மெட்டை ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டு, வளைவுக்கு வளைவு கழுத்து ஒடியற மாதிரி இழுக்கும், அதைத் தாங்கணும். அதோட கனம் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன். தெரியாது என்றார். சரி, காட்டுவோம் என்று மேசை மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டினேன்.

அவசரத்தில் கண்ணாடியைக் கழற்றவில்லை, கொண்டையையும் அவிழ்க்கவில்லை. ஹெல்மெட் உள்ளே போனது. வெளியே வர மறுத்துவிட்டது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, காதுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. மருமகள், “அத்தை, தலையை ஆட்டாதீங்க, வாரைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் விரிக்கணும்,” என்று கத்துகிறாள். மகன், “அம்மா, மூச்சு விடுங்க,” என்று விசிறியை என் பக்கம் திருப்புகிறான். நான் உள்ளேயிருந்து தங்கள் பத்திரிகையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னேன். நல்ல வேளை, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எதுவும் வெளியே கேட்காது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் புகைப்படக்காரர், அதுவரை ஒரு படமும் உருப்படியாக எடுக்காதவர், வரிசையாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம், வண்ணத்தில். தலையில் ஹெல்மெட், கையில் ஓங்கிய கரண்டி, நான். ‘சீறிப் பாயும் மாமியார்!’ நான் இளமையில் கார் ஓட்ட ஆசைப்பட்டதாகவும், குடும்பத்துக்காக அதை விட்டுக்கொடுத்ததாகவும், அந்தக் கனவை அடுக்களையிலிருந்து துரத்திக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கார் ஓட்டும் ஆசை என்றுமே இருந்ததில்லை. எனக்கு இருந்த ஒரே ஆசை, என் கணவர் மூன்றாவது கியர் போட வேண்டும் என்பதுதான். கடைசி வரி: ‘இவருடைய மருமகளும் கார் ஓட்டுவார்.’

ஐயா, மாதம் முடிய அதிக நாளில்லை. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. என் மருமகள் கடைசியில் கிளம்பி இரண்டாவதாக வந்தாள் என்பதை, படம் இல்லாமல், நிறம் இல்லாமல், முடி இல்லாமல், வெறும் எழுத்தில் போடுங்கள். ஓர் ஓட்டுநரைக் காட்ட அவள் வந்த இடம் போதும். என் படத்தை இனி எந்தக் காரணம் கொண்டும், நான் இறந்தால்கூட, அச்சிட வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் அச்சுக்கூடத்தில் கண்விழிப்பவர்களுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பார்வையும் உண்டாகட்டும். புகைப்படக்காரருக்கான ஆசி மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இரண்டாவதாக வந்தவளின் மாமியார்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து கிழித்துப் போடவும். திருத்தம் வேண்டாம். என் படத்தை இன்னொரு முறை, முடிந்தால் இன்னும் பெரிதாகப் போடவும். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஒரு குக்கர் கம்பெனியின் மேலாளர் தொலைபேசினார். அடுத்த வருடம் முழுவதும் காரின் செலவை அவர்களே ஏற்பார்களாம், அணியின் முதலாளியும் சரி என்றுவிட்டாராம். ஒவ்வொரு பந்தயமும் தொடங்கும் முன் நான் ஹெல்மெட்டோடும் கரண்டியோடும் கார் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். “என் மருமக எத்தனையாவதா வரணும்?” என்று கேட்டேன். “அவங்க எத்தனையாவதா வந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லைம்மா,” என்றார். நான் சம்மதம் சொல்லிவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அத்தை, இத்தனை பக்கம் திட்டி எழுதிட்டு, இப்ப நீங்களே போய் நிக்கப்போறீங்களா? வெக்கமா இல்ல?”

“இருக்கு. அதை நான் பார்த்துக்கறேன். நீ ரோட்டைப் பாரு.”