எட்டுக் கம்பியும் நீரோட்டம் அண்ணனின் பல்லும்

கிடாரைக் கடித்துப் பார்த்து வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான், அவர் திருச்சுழிப் பக்கத்துக்காரர் என்று நான் சொன்னால் கோயம்புத்தூரில் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அவர் கடித்தபோது பக்கத்தில் நின்று வெட்கத்தில் நெளிந்தவன் நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் 'நீரோட்டம்'. உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு புஞ்சைக்குள் நடப்பார். தேங்காய் எங்கே தானாக எழுந்து நிற்கிறதோ அங்கே போர் போட்டால் தண்ணீர் வரும் என்பது கணக்கு. நரிக்குடியிலிருந்து காரியாபட்டி வரை அவருடைய தேங்காய் எழுந்து நிற்காத காடு குறைவு. தண்ணீர் வந்ததா என்று கேட்டால் மட்டும், "வந்த எடத்துல வந்துச்சு" என்பார்.

தேங்காயோடு நின்றிருந்தால் காது தப்பித்திருக்கும். தான் காட்டிய இடத்தில் தண்ணீர் பீறிடுகிறதா என்று பார்க்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அதனால் போர் லாரி வந்தால் அதன் கூடவே நிற்பார். கம்ப்ரசர் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றதில் கீச்சுச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் காதை விட்டுப் போய்விட்டன. குயில் போயிற்று, போன் மணி போயிற்று, பஸ் கண்டக்டரின் விசில் போயிற்று. மேல்சத்தம் இனித் திரும்பாது, கீழ்ச்சத்தம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காது மிஷினும் வைத்துப் பார்த்தார். "காதுக்குள்ள ஒருத்தன் தகர டப்பாவத் தேய்க்கிறான்" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

போன சத்தங்களில் பெரியது அவர் மனைவி பாண்டியம்மா மதினியின் குரல். மதினிக்கு ஏற்கனவே கீச்சுக்குரல். கையைத் தட்டி, தட்டை உருட்டி, கடைசியில் முதுகில் ஒன்று வைத்துத்தான் புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுவார். "நான் ஊமையாப் போனாக்கூட இவுகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நான் அப்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பீக்கர், செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கடைக்குள்ளேயே ஒரு கிடாரும் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பேன். பழுது பார்த்த ஸ்பீக்கரைச் சோதிக்க நான் போடுவது சினிமாப் பாட்டு அல்ல. ஜல்லி லோடைக் கொட்டியதுபோல் கிடார் உறுமும், பாடுகிறவன் வயிற்றுவலிக்காரன் மாதிரி அலறும் மேல்நாட்டு இரைச்சல் இசை. பக்கத்துப் புரோட்டாக் கடைக்காரர் என்னோடு பேச்சை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

ஒருநாள் போனைச் சரி செய்ய வந்த நீரோட்டம் அண்ணன் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, என்னலே இது?"

"பாட்டுண்ணே" என்று கத்தினேன். ஆம்பளைகளின் கட்டைக்குரலைக் கத்திச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் விழும்.

"இது எனக்குக் கேக்குதுலே!"

ஸ்பீக்கரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அசையவில்லை. அடுத்த பாட்டைப் போடப் போனேன். அதற்குள் நிமிர்ந்து கேட்டார்: "இத வாசிக்கிற சாமான் என்ன வெலை வரும்?"

அன்று பிடித்தது சனி. டவுனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். சாதாரணக் கிடாருக்கு ஆறு கம்பி என்று காட்டினேன். தடித்த கம்பி கொஞ்சம் கேட்டது. மெல்லிய கம்பியைத் தட்டியபோது, "தட்டுனியா, இல்ல தட்டுற மாதிரி நடிக்கிறியா?" என்றார். இந்த மாதிரி இரைச்சல் இசைக்கென்றே ஏழு கம்பி, எட்டுக் கம்பி வைத்த கிடார்கள் இருக்கின்றன என்று வாயை விட்டேன்.

"கூடுதல் கம்பி எங்கிட்டுப் போகும்? மேலயா, கீளயா?"

"கீழண்ணே. இன்னும் அடிச் சத்தம்."

"எம்புட்டுக் கீள? ஏழாவது கம்பி எத்தன அடி?"

சத்தத்தை அடிக்கணக்கில் அளக்க முடியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஏற்கவில்லை. ஏழாவது கம்பி முந்நூறு அடி, எட்டாவது அறுநூறு அடி என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒன்பது கம்பியும் இருக்கிறது என்றேன். தலையைக் குறுக்கே ஆட்டினார்.

"வேணாம்லே. அதுக்குக் கீள போனா வெறும் புழுதிதான் வரும்."

ஒன்பது கம்பிக் கிடாரைப் பற்றி இணையத்தில் ஆளாளுக்குப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் படித்து முடித்துவிட்டு நானும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன்.

கையில் இருக்கிற காசுக்கு நல்லதாகப் பொறுக்குவது எப்படி என்பதை அவருக்கு விளக்கினேன். பெயின்ட்டைப் பார்க்கக் கூடாது, கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். குட்டைக் கழுத்தில் எட்டாவது கம்பியை மாட்டினால் அது தொளதொளவென்று தொங்கும், உறுமாது. "கயிறு தொங்குனா வாளி நிமிந்து வருமா? இதெல்லாம் எனக்கே சொல்றியா?" என்றார். கம்பியை இறுக்குகிற முறுக்காணி நழுவக் கூடாது என்றேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் 'பிக்கப்' என்ற காந்தப் பெட்டி நல்லதாக இருக்க வேண்டும் என்றேன். காசு பூராவையும் கிடாரில் கொட்டிவிட்டால் அதைச் சத்தமாக்குகிற ஆம்ப் பெட்டிக்கு என்ன செய்வது என்றும் கேட்டேன். "மோட்டாருக்குக் காசு வைக்காம போர் போட்டுட்டுக் குழாயவே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கிறவன் எங்க ஊர்ல ஏகப்பட்ட பேரு. நான் அந்தச் சாதி இல்ல" என்றார்.

காசு வந்த வழி மதினியின் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்கள். விற்றுக் கொடுத்தவர் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"இந்தா பாருங்க தம்பி, இவுக காதுல விழுற சாமானா வாங்கிட்டு வாங்க. விழலைன்னு வச்சுக்கங்க, அதுல துணிதான் காயப் போடுவேன்."

மதுரையில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். நான் விலைச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மஞ்சப்பையிலிருந்து தேங்காயை எடுத்தார். என் உயிரே போய்விட்டது. உள்ளங்கையில் அதைப் படுக்க வைத்து, வரிசையாகத் தொங்கிய கிடார்களுக்கு முன்னால் மெதுவாக நடந்தார். கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"சார், என்ன பண்றாரு இவரு?"

"பாத்துக்கிட்டு இருக்காரு" என்றேன். வேறென்ன சொல்வது?

எந்தக் கிடாருக்கும் தேங்காய் மசியவில்லை. கடைக்கோடி மூலைக்குப் போனதும் விருட்டென்று எழுந்து நின்றது. அண்ணன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எதிரே கிடார் எதுவும் இல்லை, ஒரு கதவுதான் இருந்தது.

"அது பாத்ரூம் சார்" என்றார் கடைக்காரர்.

"தண்ணி இருக்குல்ல? பெறகென்ன?" என்று அண்ணன் தேங்காயைப் பைக்குள் போட்டார். அவருடைய தொழில் மரியாதை காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் கிடார் பாக்கி இருந்தது.

ஆம்ப்பில் மாட்டிக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் வயரை எடுத்தார். அண்ணன் தடுத்துவிட்டார். "கரண்டு குடுத்தா எல்லாம் கத்தும். வெறுஞ்சாமானா என்ன சொல்லுதுன்னு மொதல்ல பாக்கணும்." ஏழு கம்பி வைத்து, பளபளவென்று கறுப்பாக மின்னிய ஒன்றை எடுத்தார். துண்டின் நுனியை, அதன் உடலில் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்த மேல்முனையில் போர்த்தினார். வாயைத் திறந்து அதை நறுக்கென்று கடித்துக்கொண்டு அடிக்கம்பியைத் தட்டினார்.

சந்தையில் மாடு வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பார்ப்பான். சாமானுக்குத் தன் பல்லைக் காட்டியவரை அன்றுதான் பார்த்தேன்.

"ஐயோ சார்! பாலிஷ் போயிரும் சார்!"

"துண்டு கெடக்குல்ல, கத்தாதீக" என்றார் அண்ணன், கடித்த வாயோடு. பிறகு எனக்கு விளக்கினார். காது மந்தமான பிறகு போர் லாரியில் அவர் செய்த வேலை இதுதானாம். குழாயில் ஒரு கம்பியைச் சாய்த்து வைத்து, மறுமுனையைத் துணி சுற்றிக் கடித்துக்கொள்வார். கீழே ஓடுவது மண்ணா பாறையா என்பது பல் வழியாக மண்டைக்கு வந்துவிடுமாம். பாறை உடைந்தால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஒன்றைக் கடித்து "மண்ணு" என்றார். அடுத்ததைக் கடித்து "இதுவும் மண்ணு" என்றார். பார்த்தாலே கண் கூசுகிற விலையில் இருந்த ஒன்றைக் கடித்து, "சுக்காம்பாறை, ஒண்ணும் தேறாது" என்றார். கிடார் பார்க்க வந்திருந்த கல்லூரிப் பையன்கள் இருவர் செல்போனில் படமெடுத்தார்கள். நான் யாரோ தெரியாத ஆள்போல டிரம் பக்கம் ஒதுங்கினேன்.

மூலையில் தூசி படிந்து ஒரு எட்டுக் கம்பி தொங்கியது. கழுத்தின் குறுக்கே பதிக்கிற உலோகக் கோடுகள் அதில் நேராக இல்லை, விசிறிபோல் சாய்ந்து விரிந்திருந்தன.

"அத விடுங்க சார். கோணலா செஞ்சிருக்குன்னு ரெண்டு பேர் திருப்பிக் குடுத்துட்டாங்க. எடுத்தா நல்லாக் கொறச்சுத் தாரேன்."

அது கோணல் அல்ல. தடித்த கம்பிக்கு நீளம் கூடவும் மெல்லிய கம்பிக்கு நீளம் குறையவும் வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் கடித்துவிட்டார். எட்டாவது கம்பியைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அடங்கி வெகுநேரம் ஆகியும் வாயை எடுக்கவில்லை.

"பாறை ஒடஞ்சிருச்சுலே" என்றார், மெதுவாக.

ஆம்ப்பில் மாட்டியதும் குறை தெரிந்தது. பிக்கப்பை மெழுகு ஊற்றி அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் அது மைக்போல் பக்கத்துச் சத்தத்தையெல்லாம் பிடித்து, கீச்சென்று ஊளையிட்டது. நான் பக்கத்தில் குனிந்து "அண்ணே, இது மட்டம்" என்றபோது அந்தப் பேச்சும் கரகரவென்று ஆம்ப்பில் வந்தது. கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. வேறு பாருங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"கீச்சுச் சத்தம் யாருக்குக் கேக்குது?"

"எனக்குண்ணே."

"எனக்குக் கேக்கல. வாங்கப்போறது நானா, நீயா?"

அண்ணன் கடைக்காரரின் கையைப் பிடித்து, துண்டைப் போர்த்தி, சந்தையில் செய்வதுபோல் உள்ளே விரலைத் தொட்டு விலை பேசினார். கடைக்காரருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தெரியாமலே தலையாட்டிவிட்டார். ஒரு சின்ன ஆம்ப்பும் அந்தக் காசுக்குள் அடங்கிவிட்டது.

ஊருக்கு வந்து வாசிக்க ஆரம்பித்த அன்றே, யார் காட்டில் போர் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வாசிப்பு என்று சொல்வது நம் பெருந்தன்மை. எட்டாவது கம்பியை மட்டும் ஒரு தட்டு தட்டுவார். அது அடங்குகிறவரை கேட்பார். மறுபடியும் ஒரு தட்டு. ஆடுகள் கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்பிகளைச் சரிசெய்து கொடுக்கப் போயிருந்தேன். அண்ணன் மடியில் கிடாரோடு கட்டிலில் இருந்தார். மதினி சாப்பிடக் கூப்பிட்டார், கேட்கவில்லை. கையைத் தட்டினார், பார்க்கவில்லை. எரிச்சலில் கிட்டே வந்து, அந்தச் சாமானையே திட்டுவதுபோல் கம்பிகளுக்கு நேரே குனிந்து ஒரு கத்து கத்தினார்.

"சாப்பிட வாரீகளா, இல்லையா?"

அடிச்சத்தத்தை மட்டும் கூட்டி அண்ணன் திருகி வைத்திருந்த ஆம்ப் உறுமியது. மதினியின் கீச்சுக்குரல் மலையேறுகிற லாரிபோலக் கட்டையாக, வீடு அதிர வெளியே வந்தது. அண்ணன் கம்பிகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு திடுக்கிட்டு ஆம்ப்பைப் பார்த்தார்.

"யாருலே அது?"

மதினிக்கும் பயம். குனிந்தபடியே, "நாந்தேன்" என்றார். அதுவும் ஆம்ப்பில் வந்தது.

அண்ணன் மனைவியின் வாயைப் பார்த்தார், ஆம்ப்பைப் பார்த்தார், மறுபடியும் வாயைப் பார்த்தார்.

"பாண்டியம்மா... ஒன் கொரலு இம்புட்டுக் கட்டையாவா இருந்துச்சு?"

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் கடகடவென்று ஆம்ப்பிலிருந்து கொட்டியது. அண்ணன் சிரிக்கவில்லை.

"இன்னொருக்கக் கூப்புடு."

"என்னன்னு கூப்புட?"

"எப்பயும் எப்படிக் கூப்புடுவியோ, அப்படி."

மதினி என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கம்பிகளுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சத்தம் போடாமல் கூப்பிட்டார்.

"ஏங்க."

"என்னத்தா?" என்றார் அண்ணன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மனைவி கூப்பிட்ட குரலுக்கு அவர் பதில் சொன்னார். நான் செருப்பைத் தேடுவதுபோல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மெழுகை உருக்கி ஊற்றிப் பிக்கப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று பிறகு ஒருமுறை சொன்னேன். "அதுல கைய வச்ச, ஒடிச்சுப்புடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

கடையைக் கட்டிக்கொண்டு நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். லீவில் அருப்புக்கோட்டையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் திருச்சுழி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். பெற்றவளை விட அந்தக் கிறுக்கன் பெரிசா என்று என் அம்மா கோபித்துக்கொள்கிறார். அந்தக் கிறுக்கனைப் பார்க்காவிட்டால் எனக்கு ஊருக்கு வந்த மாதிரியே இருப்பதில்லை.