அறுபதாம் பிறந்தநாளும் ஒரு பிளாஸ்டிக் லைட்டரும்

அறுபது வயதான ஆளுக்குக் கேக் வெட்டுவது மடத்தனம். அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்று ஊரில் மரியாதையாக நடமாடிக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்கு எட்டயபுரம் ரோட்டில் சின்னத் தீப்பெட்டி ஆலை. கோவில்பட்டித் தீப்பெட்டி முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. (சண்டையும் அவர்களுக்குள்ளேயேதான். வெளியாள் தேவையில்லை.) அந்த மாதம் அவர்கள் சங்கத்தில் தலைவர் தேர்தல். அப்பா நின்றார். எதிரில் நின்றவர் செண்பகராஜ் பெரியப்பா. அதனால் காலையில் கோயிலில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, சாயங்காலம் சங்கத்தையே மண்டபத்துக்குக் கூப்பிட்டு விருந்து. பெயர்தான் பிறந்தநாள், வேலை ஓட்டுக் கேட்பது.

அப்பா மைக்கைப் பிடித்தார். பிளாஸ்டிக் லைட்டர் வந்து நம் தொழிலை எப்படிக் கெடுத்தது என்று வாய் வலிக்கப் பேசிவிட்டு, "அந்தச் சனியனக் கையால தொடுதவன் நம்ம சோத்தத் திங்க லாயக்கில்ல" என்று முடித்தார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். என் பேன்ட் பையில் ஒன்று இருந்தது. (பெங்களூரில் வேலை, சிகரெட் பழக்கம். வீட்டுக்குத் தெரியாது.)

அக்கா மகள் கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு, சைபர் என்று இரண்டு மெழுகுவர்த்தி.

"தீப்பெட்டி எடுங்கப்பா" என்றார் அப்பா.

யாரிடமும் இல்லை.

வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆலைக்குள் நுழைகிறவன் பையில் தீப்பெட்டி இருக்கக் கூடாது. வாசலிலேயே தடவிப் பார்ப்பார்கள். முதலாளிக்கும் அதே சட்டம். ஆயுசுக்கும் அப்படியே பழகிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் நெருப்பு விற்கிறவர்கள் வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரரும் பாத்திரத்தோடு கிளம்பிவிட்டார்.

"எதுத்த கடையில வாங்கிட்டு வாரேன்" என்று மாமா எழுந்தார்.

"அங்கன நம்ம மயில் மார்க்குதான் இருக்கும். பரவாயில்லயா தம்பி?" என்றார் செண்பகராஜ் பெரியப்பா, ரொம்ப அடக்கமாக.

அப்பா முகம் கறுத்தது. "எம் பொறந்தநாளுக்கு ஒங்க குச்சியா அண்ணாச்சி? ஏ மாப்ள, ஆலையத் தொறந்து நம்ம பெட்டிய எடுத்துட்டு வா."

"அது நமுத்துல்லா கெடக்கும்" என்றார் பெரியப்பா.

"யாரு குச்சி நமுத்தது?"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் மார்க்கைச் சொல்லி எழுந்தார்கள். புழுக்கத்தில் கிரீம் இளகி, ஆறு சைபர் மேல் சாய்ந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மூளை நின்றுவிடும். பைக்குள் கையை விட்டேன், எடுத்தேன், ஒரு தட்டு. ஆறும் எரிந்தது, சைபரும் எரிந்தது.

"ஒரே தட்டுல பத்திக்கிட்டே" என்று பின்வரிசையில் ஒருவர் பாராட்டினார்.

"ஒனக்கு எதுக்குல அது?" என்றாள் அம்மா.

பெரியப்பா போனை நீட்டினார். "ஏலே, அதக் கொஞ்சம் தூக்கிப் பிடி. போட்டோல சரியா விழல."

அப்பா ஊதவே இல்லை. மெழுகு முழுக்க உருகிக் கேக்கில் வழியும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தலில் தோற்றார். எனக்கு 'லைட்டர்' என்று பெயர் விழுந்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். எனக்குப் பெண் பார்க்கும் விஷயத்தைக்கூட அம்மாவிடம்தான் சொன்னார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க.

மறு வருஷம் என் கல்யாணம். அப்பா ஒரு ஓரமாக, யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் நின்றார். ஐயர் ஹோமம் வளர்க்கத் தீப்பெட்டி கேட்டார். அந்தப் பிறந்தநாளில் பட்ட அவமானத்தில், சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் இந்தத் தடவை பெட்டியோடு வந்திருந்தார்கள். எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் நீண்டது. யாருடைய குச்சி என்று மறுபடியும் சண்டை. அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

அதுவரை என்னிடம் சரியாகப் பேசியே இராத மணப்பெண், குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "அந்த லைட்டரக் கொண்டாந்திருக்கீயளா?"

மந்திரம் சொல்ல வைத்த மைக் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது அப்பா.

"எடுல" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இப்போதும் எங்கள் வீட்டில் கதவு திறக்காவிட்டாலும் கார் கிளம்பாவிட்டாலும் எல்லாரும் அவள் கேட்டதைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். சிகரெட்டை எப்போதோ விட்டுவிட்டேன். லைட்டர் மட்டும் பையில் இருக்கிறது.