காது சார் போட்ட சத்தம்

மண்டபம் கடற்கரையில் காது சாரைப் போல சத்தத்தின் மேல் ஜென்மப் பகை கொண்ட மனிதர் இருந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை.

மீனின் உள்காது எப்படி உருவாகிறது என்று ஆராய்வது அவர் வேலை. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஸ்டோர் கிளார்க். என் செல்போன் அடித்தால் போதும், "முட்டைக்குள்ள காது உருவாகிட்டு இருக்கு, நீங்க பாட்டுப் போடுறீங்க" என்பார். தும்மியதற்கு எனக்கு மெமோ கொடுத்த மகான்.

காலையில் படகுத்துறைக்குப் போய் மீன்தலை கேட்பார். அதன் காதுக்குள் இருக்கும் கல்லுக்காகத்தான். துறைக்காரர்களோ, பாவம், சம்பளம் வராத மனுசன் என்று இரக்கப்பட்டுக் குழம்புக்குப் புளியும் சேர்த்துக் கொடுத்தார்கள். சார் அதற்கும் லேபிள் ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தார்.

தலை கொடுப்பவர் காசிம் பாய். இருபது வருடம் விசைப்படகு எஞ்சினோடு கிடந்து இரண்டு காதும் போனவர். காது மிஷின் வெறும் இரைச்சல் என்று கழற்றி எறிந்துவிட்டார். காதுக்குள் கத்தினால் மட்டும் கொஞ்சம் எட்டும்.

ஒருநாள் அவர் சாரைப் பிடித்துக்கொண்டார். "மீனுக்குப் போன காது திரும்ப முளைக்குமாமே. எனக்கு எப்ப சார்? பேத்தி துபாயிலேருந்து வீடியோ போன்ல பேசுறா. வாய் அசையிறதுதான் தெரியுது."

சார் குனிந்து கத்தினார். "எல்லா செல்லுலயும் ஒரே மரபணுதான் பாய். எதைத் திறக்கணும், எதைப் பூட்டணும்னு அதுமேல ஒட்டுற வேதிக்குறிதான் முடிவு பண்ணும். காது உருவாகுறப்பத் திறக்கும். உருவாகி முடிஞ்சா மனுசனுக்குப் பூட்டிரும். மீனுக்குத் திரும்பத் திறக்கும். இதான் எபிஜெனெடிக்ஸ்."

பாடம் துறை முழுக்கக் கேட்டது. மீன் ஏலமே நின்றுவிட்டது.

"அது சரி. எனக்கு எப்ப?"

சாருக்குப் பொய் சொல்ல வராது, அதுவும் ஒரு வியாதி. "உங்க காலத்துல திறக்காது பாய்."

பாய் தலையாட்டினார். மறுநாளும் மீன்தலை கொடுத்தார். சாருக்குத்தான் அதை வாங்கக் கை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பேத்தியின் அழைப்பு வரும் நேரம் பார்த்து, சார் பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். போனைத் தன் காதில் வைத்துக் கேட்டு, பாயின் காதுக்குள் அப்படியே கத்தினார். "எனக்கு முன்பல்லு விழுந்திருச்சு. புதுச் செருப்பு வாங்கிருக்கேன். பிங்க் கலரு."

ஐம்பது வயது விஞ்ஞானியின் பிங்க் செருப்புச் செய்தி பாம்பன் வரை போயிருக்கும். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தவறவில்லை.

போன மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆபீசில் இப்போது நான் இஷ்டம்போல் தும்மலாம். வெள்ளிக்கிழமைகளில் துறைக்குப் போய்ப் பாயின் காதில் கத்துவது நான்தான். சார் அளவுக்குச் சத்தம் இல்லை என்று பாய் குறைப்படுகிறார். எனக்கும் அந்தக் குறை இருக்கிறது.