கிணற்றில் பாடிய நிக்கானோர்

செவிட்டு முதலைகள் எங்கள் ஊருக்கு வரப்போவதாகக் கடிதம் வந்த நிமிடமே நான் ஒரு சபதம் எடுத்தேன். சாவதற்குள் ஒரே ஒரு முறையாவது என் மனைவி எதெல்மிராவை ஜெயித்தே தீருவது. எடுத்து முடிப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து, "கிழவா, கடைக்குப் போய் மாட்டெலும்பு வாங்கிட்டு வா" என்றாள். போய் வாங்கி வந்தேன். சபதத்தை மறுநாளிலிருந்து அமல்படுத்தினேன்.

செவிட்டு முதலைகள் என்பது எங்கள் கொர்ரியெந்தெஸ் மாகாணத்து ராக் குழு. முதல் இசைத்தட்டு எழுபத்து நாலில் வந்தது. அதில் பாடியவன் நிக்கானோர். அது குரலா! ஆற்றின் அடியிலிருந்து ஒரு பெரிய மரக்கட்டையைச் சங்கிலி கட்டி மெல்ல மெல்ல இழுப்பது போலிருக்கும். அந்தத் தட்டை நான் சத்தமாக வைத்த அன்று பக்கத்துப் பண்ணையில் மூன்று பசுக்கள் பால் கொடுப்பதை நிறுத்தின. நான்காவது பசு தயிராகக் கொடுத்தது.

அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பாடிய அன்று நான் பட்டாளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கேட்கலாம் என்றிருந்தேன். எண்பத்தொன்றில் நிக்கானோர் படகு ஏறி பாரானா ஆற்றுக்குள் போனான். படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அவனுடைய மகள் சுல்மா பாட வந்தாள். கூடவே ஒரு அக்கார்டியனும் வந்தது. பாட்டெல்லாம் வேகம் பிடித்து ஓட ஆரம்பித்தது. எங்கள் ஊர் ரசிகர் சங்கம் இரண்டாகப் பிளந்தது. என் வீடும்தான்.

"அந்தப் பொண்ணு வாயைத் திறக்குறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோகுது கிழவி. அது ராக்கா? கோழியைத் துரத்துற மாதிரி இருக்கு."

"உன் நிக்கானோர் முதல் அடியைப் பாடி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு புள்ளை பெத்துட்டேன்."

"ஒரு குழுன்னா அதோட சத்தம் மாறக் கூடாது."

"அப்படியா? முதல் தட்டு வந்தப்ப நீ ஆத்தை நீந்திக் கடப்பே. இப்ப நாலு படி ஏறினா நீயே அக்கார்டியன் மாதிரிதான் மூச்சு விடுறே. உன்னை நான் மாத்திட்டேனா?"

அந்தக் கடிதத்தில் இருந்தது இதுதான்: குழு கலையப்போகிறது. கடைசிச் சுற்று. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் ரசிகர் சங்கம் கேட்கும் ஒரே ஒரு இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார்கள். எங்கள் சங்கத்தில் பதினேழு பேர். முதல் தட்டுக்கு என்னோடு சேர்த்து எட்டு ஓட்டு. சுல்மாவின் தட்டுக்கு எதெல்மிராவோடு சேர்த்து எட்டு. மிச்சமிருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு சிந்துல்போ. "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்குகிறவன். ஞாயிறு மதியம் சங்கத்து இறைச்சி விருந்தில் கை தூக்கும் ஓட்டெடுப்பு.

முதல் தட்டை நேரில் கேட்க எனக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. ஆகவே செத்துப்போனவனையே பிரசாரத்துக்கு இறக்குவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் பேய்க்கு இருட்டு தேவையில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஊரே கதவைச் சாத்திப் படுத்துவிடும். வெயில் வெள்ளையாக நிற்கும். நிழல் ஆளின் காலடியில் போய் ஒளிந்துகொள்ளும். நாய்கூட குரைக்காது. பொம்பேரோ என்ற மயிர் முளைத்த குள்ளன் சீட்டியடித்துக்கொண்டு தெருவில் அலைவது அந்த நேரத்தில்தான். சிந்துல்போ அவனுக்குத் தினமும் வாசலில் புகையிலை வைப்பான். சாயங்காலம் அது இருக்காது. நான்தான் எடுத்துக்கொள்வேன்.

என்னிடம் ஒரு கேசட் இருந்தது. எண்பதாம் வருட வானொலிப் பேட்டி. இரண்டாம் தட்டைப் பற்றிக் கேட்டதற்கு நிக்கானோர் சொல்வான்: "முதல் தட்டுதான் நாங்க. மத்ததெல்லாம் வேற யாரோ." அதைப் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வரும்படி வேறு கேசட்டில் ஏற்றினேன். செவ்வாய் மதியம் அதை டேப் பெட்டியில் போட்டு ஓடவிட்டு, பெட்டியை வாளியில் வைத்து, கொல்லையில் வற்றிக் கிடந்த மழைத்தண்ணீர்க் கிணற்றில் இறக்கினேன். பிறகு சிந்துல்போவைக் கூப்பிட்டு, நாரத்தை மரத்தடியில் உட்கார்த்தி, ஐஸ் தண்ணீர் ஊற்றிய தெரெரே இலைச்சாற்றை உறிஞ்சக் கொடுத்தேன்.

"முதல் தட்டுதான் நாங்க…" என்றது கிணறு.

சிந்துல்போவின் வாயில் உறிஞ்சு குழல் அப்படியே நின்றது. "நண்பா… தோன் எர்மோ… யாரது?" என்று என் பெயரைச் சொல்லி என் கையைப் பிடித்தான்.

"எது?"

"கிணத்துல!"

"தண்ணியே இல்லாத கிணத்துல யாருய்யா இருப்பா?"

அவன் வேலியைத் தாண்டிய வேகத்தில் செருப்பு இரண்டும் என் கொல்லையிலேயே நின்றுவிட்டன. கால்கள் மட்டும் போயின.

புதன்கிழமை இன்னொரு டோஸ் கொடுக்கலாம் என்று வாளியை மறுபடி இறக்கிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். சிந்துல்போ வரவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தான். நான் மட்டும். வெயில். இலைகூட அசையவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. கிணற்றிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு எழும்பி என் கழுத்தைத் தொட்டது.

பிறகு நிக்கானோர் பாடினான்.

பேசவில்லை. பாடினான். அதே குரல். அதே சங்கிலி, அதே மரக்கட்டை. பின்னால் என்னவோ ஒரு வாத்தியம், மூழ்கிக்கொண்டிருக்கும் மாட்டைப் போல அடித்தொண்டையில் முனகிற்று. ஒவ்வொரு சொல்லும் தண்ணீருக்குள்ளிருந்து குமிழியாக ஏறி வந்து உடைந்தது.

*படகே… படகே… என்னை… அக்கரையில்… விட்டுப் போ…*

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. அது சுல்மாவின் பாட்டு! எதெல்மிரா துணி துவைக்கும்போதெல்லாம் குதித்துக் குதித்து முணுமுணுக்கிற அதே ஆட்டப்பாட்டு. நிக்கானோர் செத்து ஒன்பது வருடம் கழித்து மகள் எழுதிய பாட்டு!

வேறொருவனாக இருந்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். நான் ரசிகன். நிக்கானோர் வாய் திறந்து பதிவான ஒவ்வொரு நொடியும் எனக்குத் தெரியும். திருமண வீட்டில் அவன் தும்மிய பதிவுகூட என்னிடம் இருக்கிறது. இப்படியொரு பதிவு உலகத்தில் கிடையாது. ஆகவே இது பதிவு இல்லை.

வாளியை இழுத்தேன். கேசட் அசையாமல் கிடந்தது. பெட்டியைத் திருப்பினேன். பேட்டரி இருந்த குழி காலி. கிணறு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

துவைக்கும் அறை வாசலில் எதெல்மிரா கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கிழவி… உனக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"நான் துவைச்சுட்டு இருந்தேன். என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"முகம் ஏன் மாவு மாதிரி இருக்கு?"

"வெயில்."

"வெயில்ல கறுக்கும். வெளுக்காது."

வியாழன், வெள்ளி, சனி. மூன்று மதியமும் அவன் பாடினான். நான் காதில் பஞ்சு வைத்தேன். தலையணைக்கு அடியில் தலையை வைத்தேன். சிந்துல்போவிடமிருந்து எடுத்த புகையிலையை எல்லாம் கிணற்றடியில் கொண்டுபோய்க் கொட்டினேன். பதினாலு வருடமாகக் கோழி துரத்தல் என்று நான் ஏசிய பாட்டின் வார்த்தைகள் அப்போதுதான் முதல்முறையாக என் காதில் விழுந்தன. அது கரை சேராத ஒருவனின் கெஞ்சல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

சனி ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன்.

"கிழவி, செத்தவங்களுக்கு என்ன வேணும்னு நினைக்கிறே?"

அவள் எலும்புச் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "வேறென்ன வேணும்? தன் புள்ளை பாடுறதை நாலு பேரு கேட்டா போதும்னு நினைப்பாங்க."

ஞாயிறு. விருந்து. முதல் தட்டுக்கு யார் கை என்று கேட்டார்கள். என்னுடைய கட்சியில் ஏழு கைகள் எழுந்தன. எட்டாவதாக இன்னொரு கை எழுந்தது. சிந்துல்போ! என் தந்திரம் அச்சுப் பிசகாமல் பலித்திருந்தது. நானும் கை தூக்கினால் ஒன்பது. ஜெயம். சபதம் நிறைவேறும்.

என் கை மடியிலேயே கிடந்தது.

அடுத்து சுல்மாவின் தட்டு. எட்டு கைகள். ஒன்பதாவது என்னுடையது.

என் கட்சிக்காரர்கள் கையிலிருந்த இறைச்சியைக் கீழே போட்டார்கள். சிந்துல்போ என் சட்டையைப் பிடித்தான்.

"தோன் எர்மோ! கிணத்துல அவரே சொன்னாரேய்யா, முதல் தட்டுதான்னு!"

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு" என்றேன்.

வீடு திரும்பினோம். மதியம் மூன்று. இனி அவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று கட்டிலில் சாய்ந்தேன்.

*படகே… படகே…*

எழுந்து ஓடினேன். கிணற்றின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து கத்தினேன். "நான்தான் ஓட்டுப் போட்டுட்டேனே நிக்கானோர்! இன்னும் என்னப்பா வேணும்?"

பாட்டு கிறீச்சென்று நின்றது. அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து நிக்கானோர் என் மனைவியின் குரலில் சிரித்தான்.

துவைக்கும் அறைக்குப் போனேன். கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குக் கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவரோரம்தான் இறங்குகிறது. அதன் வாயில் ஒலிபெருக்கி வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். பக்கத்தில் என் டேப் பெட்டியின் பேட்டரிகள், ரெக்கார்ட் பிளேயர். அதன்மேல் சுல்மா பாடிய சின்னத் தட்டு.

"வேகத்தை ஒரு படி குறைச்சு விட்டேன். பொண்ணு அப்பனாயிட்டா. அக்கார்டியன் மாடாயிடுச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாளியில நீ மீன் பிடிக்கலைன்னு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"பாவி! முப்பது வருஷ ரசிகனை இப்படி ஏமாத்திட்டியே!"

"இந்தத் தட்டை ஒரு தடவை முழுசா கேட்டிருந்தா நீயே கண்டுபிடிச்சிருப்பே."

எனக்கோ நிறுத்திய இடத்திலிருந்து மிச்சப் பாட்டையும் போடச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதெல்மிரா என் தோளைத் தட்டினாள். "கச்சேரிக்கு வா கிழவா. மத்தவங்க எல்லாம் வேகமா கேக்கட்டும், நீ மட்டும் மெதுவா கேளு."